வலது கண்ணுக்கு மட்டும்

1

இந்தக் கதை ஒரு வாட்சாப் சண்டையில் பிறந்தது. இதைவிட மரியாதையான பிறப்பு ஒன்றைச் சொல்லியிருக்கலாம். பொய்யாக இருக்கும்.

காரைக்காலில் பிலிம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு குழு இருக்கிறது. அதில் செந்தில்குமார் என்றொருவர். கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக் கடற்கரைச் சாலையில் நடப்பதையே தனிக்கலையாக வளர்த்தவர். பழைய கேமராவில் பவர் சுவிட்சே கிடையாது, அதுதான் அதன் அழகு என்று எழுதினார். சுவிட்ச் உண்டு, உங்களுக்குத்தான் தெரியவில்லை என்று ஒருவன் பதில் போட்டான். அவனைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவன் நான்.

விஷயம் எளியது. சில கேமராக்களில் பிலிமை நகர்த்தும் லீவரேதான் சுவிட்ச். கட்டைவிரலால் அதைச் சற்று வெளியே இழுத்து நிறுத்தினால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் விழிக்கும், ஷட்டரின் பூட்டு திறக்கும். உள்ளே தள்ளினால் இரண்டும் அடங்கும். வலது கண்ணால் பார்ப்பவருக்கு, நீட்டி நிற்கும் லீவர் முகத்துக்கு வெளியே போய்விடும். இடது கண்ணால் பார்ப்பவருக்கு நேராக வலது கண்ணில் குத்தும்.

அதை வடிவமைத்த பொறியாளருக்கு இரண்டுமே வலது கண் போலிருக்கிறது.

2

தொடக்கங்கள்:

"வாஞ்சூர்த் துறைமுக நிலக்கரித் தூசி படிந்த ஜன்னலோரம் அந்தக் கேமரா அவளுக்காகக் காத்திரு—"

கேமரா காத்திருக்காது. அடித்துவிட்டேன்.

"ஜெனிஷா இறந்த அன்று மழை—"

பெய்யவில்லை. நல்ல வெயில்.

"ஜெனிஷாவுக்கு இடது கண் பழக்கம்."

இது நிற்கும். அவளுடைய மூக்குக்கண்ணாடியின் வலது பக்கத்தில் லீவர் கிழித்த கோடு ஒன்று இருந்தது. வேறு கேமரா வாங்கலாம் என்றான் அவள் கணவன் வில்சன். வேறு கண் வாங்கிக் கொடு என்றாள்.

வில்சனுக்குக் கீழவாஞ்சூரில் லாரி அலுவலக வேலை. (வேறு வேலை கொடுத்துப் பார்த்தேன். எதிலும் அவன் உட்காரவில்லை.) ஜெனிஷா படம் எடுத்த கையோடு லீவரை நீட்டியபடியே விட்டுவிட்டுப் போவாள். பேட்டரி தீரும். வில்சன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கட்டைவிரலால் உள்ளே தள்ளிவிட்டுப் போவான். இதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. தாம்பத்தியம் என்று பெரிய எழுத்தில் எழுதுகிறார்களே, அதில் பாதி இதுதான்.

3

போன வருடம் காய்ச்சலில் இறந்தாள். (என்ன காய்ச்சல், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கும் வாசகர் துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு போய் உட்காரலாம். அங்கே எல்லாக் காய்ச்சலையும் பேசி முடித்தார்கள்.)

வந்தவர்கள் அலமாரியில் கேமராவைப் பார்த்தார்கள். பிலிம் கேமராவைக் கையில் எடுக்கும் மனிதப் பிறவி எதுவும் லீவரை ஒரு தரம் இழுத்து, ஒரு தரம் 'டிக்' என்று அழுத்தாமல் கீழே வைத்ததில்லை. வில்சனின் மேலாளர் தர்மலிங்கம், மனதைத் தளரவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே மின்விசிறியைப் படம் எடுத்தார். யாரோ ஒரு பெரியப்பா தன் முழங்காலை எடுத்தார்.

வில்சன் கேமராவை வாங்கி லீவரை உள்ளே தள்ளிப் பீரோவுக்குள் வைத்தான். பேட்டரி செத்திருந்தது. பூட்டுக்கும் ஷட்டருக்கும் பேட்டரி தேவையில்லை. பிலிமில் இன்னும் இடம் இருந்தது. அவன் எடுத்து முடிக்கவில்லை.

ஏன் என்பதற்கு ஒரு பத்தி எழுதியிருந்தேன். முடியாத பிலிம், முடியாத— நீக்கிவிட்டேன். நீங்களே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது உங்கள் பொறுப்பு.

4

வருஷப் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும். அட்டைக்குப் படம் வேண்டும். ஜெனிஷாவின் அண்ணன் அடைக்கலராஜ் தன் அம்மாவோடு வந்தான்.

"கல்யாண ஆல்பத்துல இருக்கறது என் தங்கச்சியே இல்ல மாப்ள. மாவுல முக்கி எடுத்த மாதிரி இருக்கா."

போனில் நிறைய இருக்கிறதே என்றான் வில்சன்.

"எல்லாத்துலயும் பூனைக்காது வச்சிருக்கா தம்பி" என்றார் அத்தை. "காதோடயா பூசைக்கு அட்டை அடிக்கறது?"

அடைக்கலராஜ் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தான். காய்ச்சலுக்கு முந்தின வாரம் தங்கை போனில் பேசியிருக்கிறாள். பீரோ கண்ணாடி முன்னால் நின்று தன்னையே எடுத்திருப்பதாக, கழுவி வந்ததும் காட்டுவதாக.

"அது அதுக்குள்ளதானே மாப்ள இருக்கு?"

(அடைக்கலராஜை வில்லனாக்கத்தான் கொண்டுவந்தேன். தங்கையின் கேமராவைக் கையில் வாங்கியதும் அவன் முகம் போன போக்கில் அந்தத் திட்டம் கெட்டது.)

அவன் கையும் மனிதக் கைதான். லீவரை இழுத்தது. 'டிக்'. மறுபடி இழுத்தது.

வில்சன், பிலிமைத் திரும்பச் சுற்றும் இடதுபுறக் குமிழைப் பார்த்தான். பிலிம் நகர்ந்தால் அந்தக் குமிழும் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை.

இரண்டு காரணம் இருக்கலாம். பிலிம் உள்ளே தொய்ந்து கிடக்கலாம். அல்லது பிலிம், அதை இழுக்கும் சக்கரத்தின் பல்லில் மாட்டவே இல்லை. அப்படியானால் அவள் எடுத்தது எதுவும் இல்லை. எத்தனை எடுத்தோம் என்று காட்டும் எண் மட்டும் நியாயமாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த எண் பிலிமை எண்ணுவதில்லை. லீவரை எண்ணுகிறது.

5

"மிச்சத்தையும் எடுத்து முடிச்சிருவோம். அம்மாவ எடுங்க மாப்ள."

குமிழ் சுற்றவில்லை என்று வில்சன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தை முந்தானையைச் சரிசெய்து, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்தார். அடைக்கலராஜ் தலை சீவிக்கொண்டு வந்து பின்னால் நின்றான். வில்சன் ஒவ்வொன்றாக எடுத்தான். 'கொஞ்சம் நிமிருங்க அத்தை' என்றுகூடச் சொன்னான். குமிழ் ஒரு முறையும் அசையவில்லை.

நடுவில் ஒரு தரம் கேமராவை இடது கண்ணுக்கு மாற்றினான். ஏன் என்பதற்குச் சில காரணங்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாம் அழகாக இருந்தன. நீக்கினேன். லீவர் வலது கண்ணில் நன்றாகக் குத்தியது. கண்ணில் நீர் கொட்டியது.

"அழாதய்யா" என்றார் அத்தை.

"லீவர் குத்திருச்சு அத்தை."

அவர் நம்பவில்லை. அது உண்மை என்பதற்கு நான் சாட்சி. ஆனால் கதை எழுதுகிறவன் சாட்சியை யார் எடுத்துக்கொள்வார்கள்?

6

முடிவுகள்:

அ) பிலிமைக் கழுவச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். படம் வருகிறது. கண்ணாடிக்குள் ஜெனிஷா. அட்டையைப் பார்த்துக் கோயிலே அழுகிறது. (இதை நான் தூக்கத்திலும் எழுதுவேன். அதனால்தான் எழுதவில்லை.)

ஆ) கேமராவைத் திறக்கிறான். வெறுமை. வில்சன் கடற்கரைக்குப் போய் அலைகளை— காரைக்காலில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இந்த வசதி உண்டு. எதை முடிக்கத் தெரியாவிட்டாலும் கடலைக் காட்டிவிடலாம்.

இ) லேபில் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுகிறான். அடைக்கலராஜ் ஆயுள் முழுக்க முகம் தெரியாத ஒரு லேப்காரனைத் திட்டுகிறான். எல்லோருக்கும் நிம்மதி. (எனக்குப் பிடித்தது இதுதான். அதனாலேயே சந்தேகப்படுகிறேன்.)

நடந்தது இவ்வளவுதான். அடைக்கலராஜ், அச்சகத்துக்காரனிடம் படம் வருகிறது என்று சொல்ல, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அத்தை அடுக்களையில் தேநீர் போடுகிறார். வில்சன் மடியில் கேமரா.

கேமராவின் பின்கதவைத் திறக்கக்கூடத் தேவையில்லை. அந்தக் குமிழை அம்புக்குறிப் பக்கம் இலேசாகத் திருப்பிப் பார்த்தால் போதும். இறுகினால் பிலிம் பிடித்திருக்கிறது. அவள் உள்ளே இருக்கிறாள். வழுக்கிக்கொண்டு சுற்றினால், பீரோ முன்னால் நின்று அவள் வெறும் கேமராவுக்குத்தான் சிரித்திருக்கிறாள்.

வில்சன் விரலை வைத்தான். எடுத்துவிட்டான். நான் வற்புறுத்தப் போவதில்லை.

குமிழ் இப்போது உங்கள் பக்கம். அடுக்களையில் டம்ளர் சத்தம் கேட்கிறது. திருப்புவதானால் அத்தை வருவதற்குள் திருப்புங்கள்.