ஒரே தாம்பாளத்தில் எட்டுப் பேர்

சோமாலியாவின் போசாசோ துறைமுகத்துக்கு அரிசியும் சர்க்கரையும் ஏற்றிப்போன 'நூரே மஞ்சில்' என்ற மரக்கப்பலில், அன்று நடுப்பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் எட்டுப் பேர். நடுவே ஒரே தாம்பாளம். கப்பலின் முகப்பைப் பார்த்தபடி நகுதா காசம். கப்பலை நடத்துகிறவர் அவர். அவருக்கு வலப்பக்கம் சுக்கான் பிடிக்கும் தாவூத். அடுத்து, தண்ணீர்ப் பீப்பாய் கைக்கு எட்டும் இடத்தில் ஹாசன். பிறகு ஆதம். நகுதாவுக்கு நேர் எதிரே ஒரு கண் மங்கிய மமத். மமதுக்குப் பக்கத்தில், அடுப்புக்கு முதுகு காட்டி, சமையல் செய்யும் பண்டாரி குலேத். அடுத்து, எஞ்சின் ஓசை காதில் விழும் இடத்தில் டிரைவர் ஜூசப். கடைசியாக நகுதாவின் இடக்கைப் பக்கம் ஆதமின் தம்பி சித்தீக். அண்ணன் தம்பியை அடுத்தடுத்து உட்காரவிட்டால் முழங்கைச் சண்டை வரும் என்று எதிரும் புதிருமாகப் போட்டிருந்தார்கள்.

ஏழு பேர் குஜராத்தின் சலாயா ஊர்க்காரர்கள். குலேத் மட்டும் சோமாலி. ஏழு வருஷத்துக்கு முன் போசாசோவில் ஏறியவன், இறங்கவே இல்லை.

கடல் எண்ணெய்போல் கிடந்தது. சுக்கானைக் கயிற்றால் கட்டிப் போட்டுவிட்டு எட்டுப் பேரும் சாப்பிட உட்கார்ந்தது தப்பு என்பது, இரண்டு விசைப்படகுகள் பக்கவாட்டில் வந்து ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. வந்தவர்கள் ஆறு பேர். கையில் துப்பாக்கி.

பதினொரு நாள் அந்தத் தாம்பாளத்தில் அவர்கள்தான் சாப்பிட்டார்கள். நகுதாவும் ஆட்களும் சரக்கறைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். பழைய பெயிண்ட் வாளியில் சோறு இறங்கும். குலேத்தை மட்டும் மேலே சமைக்க வைத்திருந்தார்கள். அவன் கொள்ளையரோடு சிரிப்பதும், அவர்கள் நீட்டிய போதை இலையை மெல்லுவதும் பலகை இடுக்கு வழியாகத் தெரியும்.

"பாத்தீங்களா நகுதா? ரத்தம் ரத்தத்தோட சேந்துடுச்சு" என்றான் ஜூசப். முதல் நாளே துப்பாக்கிக் கட்டையால் அடி வாங்கி, முன்பல் ஒன்றை இழந்திருந்தான்.

"வாளியை அடிவரைக்கும் தோண்டிப் பாத்தியாடா?" என்றார் காசம். சோற்றுக்கு அடியில் தினமும் கருவாட்டுத் துண்டு புதைந்து வந்தது. ஜூசப் அதைத் தின்றான், பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் தொடுவானத்தில் ஒரு சாம்பல் நிறப் புள்ளி முளைத்தது. சுடவில்லை. நெருங்கவுமில்லை. மரக்கப்பல் திரும்பினால் அதுவும் திரும்பியது, நின்றால் நின்றது. தலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், தேனீபோல ஏதோ ஒன்று இரண்டு நாளும் ரீங்காரம் இட்டுக்கொண்டே இருந்தது. கொள்ளையர்கள் முதலில் அதைப் பார்த்து ஏசினார்கள். பிறகு பேச்சைக் குறைத்தார்கள். கடைசியில் சாப்பாட்டையும் குறைத்தார்கள்.

பதினோராம் நாள் காலை ஏழு பேரையும் மேலே இழுத்துவந்து ஓரமாக நிறுத்தினார்கள், கேடயத்துக்கு. அப்போதுதான் காசம் அந்தச் சாம்பல் புள்ளியை முழுசாகப் பார்த்தார்.

நாற்பது வருஷமாக அவர் பார்க்காத கப்பல் இல்லை. ஆனால் ஒரு குன்று பெயர்ந்து, சத்தமே இல்லாமல், கடலை இரண்டாக ஒதுக்கிக்கொண்டு வருவதை அவர் கண்டதில்லை. மேல்தளத்தில் ஒரு ஆள்கூடத் தெரியவில்லை. கொடி மட்டும் தெரிந்தது. அது தம் நாட்டுக் கொடி. எண்ணூறு கல் தள்ளி, அரிசி மூட்டைக்காரர் ஏழு பேருக்காக, இத்தனை பெரிய இரும்பு புறப்பட்டு வந்திருக்கிறது! யா அல்லா, நாம் யார், இது யார் என்று நின்றார்.

குன்றிலிருந்து சோமாலி மொழியில் ஒரு குரல் வந்தது. கோபமே இல்லாத குரல். துறைமுகத்தில் ஓரளவு கற்ற மொழி, காசமுக்குப் புரிந்தது.

"நீங்க ஏழு பேர். சிவப்புச் சட்டை போட்டவன் துப்பாக்கியைக் கீழ வை. தண்ணித்தொட்டி பின்னால ஒளிஞ்சிருக்கிறவன் எழுந்திரு. அடுப்புப் பக்கம் நிக்கிறவன் கையைத் தூக்கு."

ஆகாயத்திலிருந்து ஒவ்வொருவனையும் அடையாளம் சொல்கிற கண்! காசமுக்கு மயிர் கூச்செறிந்தது. மறுநொடி கண்ணாலேயே எண்ணினார். கொள்ளையர் ஆறு பேர்தானே? அடுப்புப் பக்கம் கையைத் தூக்கி நின்றவன் குலேத்.

துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகக் கடலில் விழுந்தன. ரப்பர் படகுகளில் கறுப்புடை வீரர்கள் வந்து, பூனை மதில் ஏறுவதுபோல ஏறினார்கள். கால் மணி நேரத்தில் ஏழு சோமாலிகளும் கை கட்டப்பட்டு ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சண்டை அவ்வளவுதான்.

வந்த கடற்படையினரின் அதிகாரி மோகந்தி, ஒடியாக்காரர், முப்பது வயசு இருக்கும். காசம் அவர் முன்னால் போய் நின்றார்.

"சாப், அந்த ஓரத்துல இருக்கிறவன் என் ஆளு. பண்டாரி. ஏழு வருஷம்."

"ஆள் பட்டியல்ல பேர் இருக்கா?"

இல்லை. ஒவ்வொரு பயணத்திலும் எழுத நினைத்து, ஊர் துறைமுகத்தில் வெளிநாட்டுக்காரன் என்றால் பத்துக் கேள்வி கேட்பார்களே, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று ஏழு வருஷம் தள்ளிப்போட்டவர் அவர்தான்.

"இல்ல சாப். தப்பு என்னுது. ஆனா அவன் எங்க பாஷையே பேசுவான், கேட்டுப் பாருங்க."

"இவங்க கூட்டத்துல பாஷை தெரிஞ்சவன் ஒருத்தன் எப்பவும் இருப்பான், பெரியவரே. போன தடவை ஒரு நகுதா இப்படித்தான் 'இவன் என் சமையல்காரன்'னு அழுதாரு. பயமுறுத்தி சொல்ல வச்சிருந்தாங்க. விட்டுட்டோம். அவன்தான் தலைவன்." மோகந்தியின் குரலில் கடுமை இல்லை. "நீங்க பயந்து சொல்றீங்களா, நிஜமா சொல்றீங்களா, எனக்கு எப்படித் தெரியும்? ஏழு பேரையும் பம்பாய்க்குக் கொண்டுபோறோம். அங்க கோர்ட் பாத்துக்கும்."

கோர்ட் பார்க்க எத்தனை வருஷம் என்று காசமுக்குத் தெரியும். குலேத் அவரைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மோகந்தி சமையல் இடத்தைச் சோதிக்கப் போனவர், சுவரில் சாய்த்திருந்த தாம்பாளத்தைக் கண்டு நின்றார்.

"இது என்ன, குளிக்கிற தொட்டியா?"

"சாப்பிடறது சாப்" என்றார் பின்னாலேயே வந்த காசம். "எட்டுப் பேரும் இதுலதான்."

"எட்டா? எப்படி உக்காருவீங்க?"

காசம் யோசிக்காமல் சொன்னார். வலப்பக்கம் தாவூத், பிறகு ஹாசன், ஆதம், எதிரே மமத், குலேத், ஜூசப், இடப்பக்கம் சித்தீக். மூச்சு விடுவதுபோல வந்தது. மோகந்தி அவரையே பார்த்தார்.

"நீங்க இப்படி உக்காருற வரிசையைக் கொள்ளைக்காரங்க பாத்திருக்காங்களா?"

"எங்க சாப்? அவங்க ஏறுறதுக்குள்ள நாங்க எழுந்து சிதறிட்டோம், அன்னிலேர்ந்து வாளியிலதானே."

அதிகாரி தாம்பாளத்தை முகப்பில் போடச் சொல்லி, சுற்றிலும் எட்டு வெங்காயம் வைத்தார். காசமை முதுகைத் திருப்பி நிற்கச் சொன்னார்கள்; காது திறந்துதான் இருந்தது. ஆட்களைத் தனித்தனியாகக் கூட்டிவந்து, எந்த வெங்காயம் யார் இடம் என்று கேட்டார்கள். தாவூத் சொன்னான். ஹாசன் சொன்னான். அண்ணனும் தம்பியும் சொன்னார்கள். மமத் வெங்காயத்தைத் தடவிப் பார்த்தே சொன்னான். ஒரு இடம்கூட மாறவில்லை.

குலேத்தைக் கட்டோடு கொண்டுவந்தார்கள். எட்டுப் பேரையும் சரியாகச் சொல்லிவிட்டு, "நகுதா இடத்துல இருக்கிற வெங்காயம் அழுகல் சாப், மாத்துங்க. அவருக்கு வயித்துக்கு ஆகாது" என்றான். துப்பாக்கியோடு நின்ற வீரன் ஒருவன் இருமுவதுபோலச் சிரித்தான்.

கடைசியில் ஜூசப். காசம் காதைத் தீட்டிக்கொண்டார். ஐந்து வெங்காயம் மளமளவென்று வந்தது. ஆறாவதில் பேச்சு நின்றது.

"இது யாரு?"

"நான் அவன்கூடப் பேசறதில்ல சாப்."

"பேச வேணாம். யாருன்னு சொல்லு."

"எங்க பண்டாரி. குலேத்." ஜூசப் பல் போன ஓட்டை வழியே காற்றை இழுத்தான். "என் பக்கத்து மீன் தலை எல்லாம் அவன் கைக்குத்தான் போகும். ஏழு வருஷமா திருடறான், நாயி. அவன் இடம் அதுதான். வேற யாரு வந்து அங்க உக்காரறது?"

மோகந்தி தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

"ரெண்டு நாள் மேலேர்ந்து பாத்தோம் பெரியவரே. உங்க சட்டைப் பொத்தானை எண்ணலாம், அப்படி ஒரு கண்ணாடி. ஏழுன்னு எண்ணினோம்." தாம்பாளத்தை விரலால் தட்டினார். "இது அதுல தெரியல."

கம்பியில்லாக் கருவியில் தம் கேப்டனோடு பேசினார். பதில் சுருக்கமாக வந்தது: எழுத்தில் வேண்டும், நகுதா கையெழுத்தில். வந்தால் பண்டாரி அங்கேயே இருக்கலாம்.

"குஜராத்தியில எழுதுங்க, படிக்க ஆள் இருக்கு. முதல்ல கட்டை அறுங்கப்பா."

காசம் சலாயா பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவர். அரிசி மூட்டைமேல் தாளை வைத்து, வரிக்கு ஒரு பெயராக, யார் எங்கே உட்காருவார்கள் என்று எட்டு வரி எழுதினார். ஆறாவது வரியை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதினார். அடியில், 'இவன் பெயரைப் பட்டியலில் சேர்க்காதது என் குற்றம். இன்று சேர்க்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"ஏழு வருஷம் ஆச்சு இந்த எட்டு வரிக்கு" என்றான் குலேத், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு.

"வாயை மூடிட்டுப் பசை காய்ச்சுடா."

அவன் கோதுமை மாவைக் கரைத்துச் சூடேற்றிக் கொண்டுவந்தான். காசம் தாளை உறையிலிட்டு ஒட்டி, கட்டைவிரலால் ஓரம் முழுதும் அழுத்தினார். மோகந்தி அதை நனையாத பையில் போட்டு மார்புக்குள் செருகிக்கொண்டு இறங்கினார். கை கட்டிய ஆறு பேரோடு, அந்த உறையையும் ஏந்திக்கொண்டு, ரப்பர் படகு சாம்பல் குன்றை நோக்கிப் போனது.