கூலன்ட்டைத் திட்ட எழுதின கதை

1.

இப்போதெல்லாம் யாரும் தண்ணீரைத் தண்ணீராக விடுவதில்லை. சாயத்தைக் கலந்து, டப்பாவில் அடைத்து, இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் என்று பேர் வைத்துவிடுகிறார்கள். வாங்குகிறவனும் தலையை ஆட்டிக்கொண்டு வாங்குகிறான்.

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே அந்தக் கூலன்ட்டைத் திட்டத்தான். மறைப்பானேன்? எங்கள் லாரியை ஓட்டுகிறவள் என் மகள். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவன் நான். "இன்னொரு தடவை இன்ஜின் கொதிச்சா லாரியை வித்துருவேன்ப்பா" என்று சொல்லிவிட்டாள். தப்பு தண்ணீர் மேல் இல்லை என்று அவள் நம்பியாக வேண்டும்.

2.

முதல் வரி: அந்தப் பட்டறை மெக்கானிக் ஒரு திருட்டுப்ப—

(அடித்துவிட்டேன். மகள் பின்னால் நின்று படித்துவிட்டாள். "மிச்சமான நட்டைக்கூட எண்ணிக் குடுத்தாரு. அவரா திருடன்?" ஒரு நட்டைத் திருப்பிக் கொடுக்கிறவன் நாலு நட்டை வைத்துக்கொள்வான். இவளுக்கு எங்கே தெரியப்போகிறது.)

வேறு முதல் வரி: ஒரு ஊரில் ஒரு ரேடியேட்டர் இருந்—

(எனக்கே கொட்டாவி வருகிறது.)

3.

சரி, நடந்ததையே எழுதித் தொலைக்கிறேன். பட்டறையில் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மெக்கானிக் ஒரு லைனரைத் தூக்கிக் காட்டினார். பிஸ்டன் ஏறி இறங்குகிற இரும்புக் குழாய் அது. வெளிப்பக்கம் எப்போதும் தண்ணீரில் நிற்கும். அந்தப் பக்கம் ஊசியால் குத்தினதுபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"டீசல் இன்ஜின் அடிக்கிற அடியில லைனர் அதிரும், பெரியவரே. ஒட்டி நிக்கிற தண்ணியில பொடிப்பொடியா குமிழி வரும். அது உடையும்போது இரும்பைக் கொத்தும்."

"குமிழி இரும்பைக் கொத்துமா? கொசு கடிச்சு மலை வீங்குன கதையால்ல இருக்கு!"

"கூலன்ட்ல இருக்கிற மருந்து இரும்பு மேல மெல்லிசா தோல் மாதிரி படியும். குமிழி அந்தத் தோலைத்தான் கொத்தும். மறுபடி தோல் படிஞ்சிரும். குழாத்தண்ணி உப்பைத்தான் படிய விடும்."

"அந்த மருந்து தீரவே தீராதோ?"

"தீரும். அதனாலதான் அப்பப்ப சோதிச்சு மாத்தணும்."

"பாத்தியா! தீரும்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு!" என்று மகளிடம் திரும்பினேன். அவள் ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

(இந்த இடத்தில் மெக்கானிக்கை உளறவைக்கப் பார்த்தேன். திருத்தித் திருத்தி எழுதினேன். ஆள் ஒவ்வொரு தடவையும் முன்னைவிடத் தெளிவாகப் பேசுகிறார். நான் உண்டாக்கின ஆள், எனக்கே அடங்கமாட்டேன் என்கிறார். மகளும் அப்படித்தான்.)

4.

ஒரு முடிவு: கூலன்ட் ஊற்றின லாரி நடுரோட்டில் வெடிக்கிறது.

(மகள் படித்துவிட்டுக் கேட்டாள்: "அந்த லாரிக்குள்ள நான்தானேப்பா இருப்பேன்?" கிழித்துப் போட்டேன்.)

இன்னொரு முடிவு: லாரியை விற்க—

(கை ஓடவில்லை.)

கடைசியாக, இன்று காலை நடந்தது. புது லைனர் மாட்டியாயிற்று. பட்டறை வாசலில் லாரி. ரேடியேட்டர் காலி. ஒரு பக்கம் வாளியில் குழாய்த் தண்ணீர். மறுபக்கம் பேட்டரிக்கு ஊற்றுகிற உப்பில்லாத தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்த பச்சைக் கூலன்ட்.

"நீங்களே ஊத்துங்கப்பா. நாளைக்கு ஓட்டப்போறது நானு" என்று மூடியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஊற்றிவிட்டேன். எதை என்று சொல்லமாட்டேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கையெல்லாம் பச்சையாக இருக்கிறதே என்பீர்கள். பட்டறைக் கேட்டுக்கு இப்போதுதான் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

குமிழி இரும்பைக் கொத்துமாம்! போங்கய்யா. நான் கை கழுவப் போகிறேன்.