கராவோக்கே புகார்

திருச்சபை காலத்தை வென்றது; கடலையும் மலையையும் கடந்தது; மனிதக் கைகளால் அளக்க முடியாதது. பிலமோன் தம்புசாமிக்கு மட்டும் அது சரியாக ஒரு மாடி கீழே இருந்தது. அதைக் கராவோக்கே என்று நினைத்து அவர் மேனேஜ்மென்ட்டில் புகார் கொடுத்திருந்தார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தில் முப்பத்தோரு ஆண்டு செயலாளராக இருந்தவர் பிலமோன். அங்கே ஆர்கன் வாசிப்பார்கள். சபையார் பக்கத்திலிருப்பவருக்கும் கேட்காதபடி பாடுவார்கள். ஜெபம் என்றால் பிலமோன்தான். டைப் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, நீலக் கோப்பில் வைத்திருப்பார்: அறுப்பின் பண்டிகைக்கு ஒன்று, அஸ்திவாரக் கல்லுக்கு ஒன்று, ஓய்வுபெறும் ஆயருக்கு நீளமாக ஒன்று. அவர் ஜெபித்தால் வானமே திறக்கும் என்பார்கள். திறந்ததா என்று யாரும் கண் விழித்துப் பார்த்ததில்லை.

மனைவி பூமணி இறந்துபோன பிறகு வீட்டை விற்றுவிட்டுக் கிள்ளானில் இந்தக் கொண்டோ அடுக்குமாடிக்கு வந்தார். மகன்தான் வரச் சொன்னான். மெல்பர்னில் இருந்துகொண்டு சொன்னான். பூமணி போனதிலிருந்து, கோப்பில் இல்லாத ஒரு சொல்லைக்கூட அவரால் கடவுளிடம் பேச முடியவில்லை. முயன்றால் தொண்டையில் மீன் முள் போல ஏதோ குறுக்கே நின்றது. யாருக்கும் இது தெரியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

குடிவந்த முதல் சனிக்கிழமை மாலை நல்ல மழை. எட்டாம் மாடி ஜன்னலுக்கு வெளியே ஊர் கரைந்துபோயிருந்தது. தூரத்தில் ஏதோ ஒரு கோபுரத்தின் சிவப்பு விளக்கு மட்டும் தண்ணீருக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சோபாவில் கண் அயர்ந்தார். தரைக்கடியிலிருந்து ஒரு பாட்டு ஊறி வந்து பாதத்தை நனைத்தது. அரைத் தூக்கத்தில் அது சமையலறைப் பாட்டாகிவிட்டது. பூமணி தேங்காய் துருவிக்கொண்டே பாடுகிறாள். வழக்கம்போல இரண்டாவது அடியில் சுருதி நழுவுகிறது.

"பூ, தேத்தண்ணி," என்று வாய்விட்டுக் கேட்டார்.

தன் குரலிலேயே விழித்தார். சமையலறையில் யாரும் இல்லை. கீழே எவரோ டம்போரின் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த அரை மணியில் புகார் தயார். 'சனிக்கிழமைதோறும் கட்டுப்பாடற்ற கராவோக்கே' என்று எழுதினார். அவர் அங்கே கண்டது ஒரே ஒரு சனிக்கிழமைதான். மூன்று பிரதிகள்: மேனேஜ்மென்ட்டுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று.

மூன்றாம் வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆயர் போன் செய்தார். "அங்கிள், உங்க பிளாக்லயே ஒரு வீட்டுக் கூட்டம் இருக்கு லா. ஏழாம் மாடி, ராஜினி வீடு. சனிக்கிழமை அஞ்சு மணி. உங்களைப் பத்திப் பெருமையாச் சொல்லி வச்சிருக்கேன்."

ஏழாம் மாடி என்றதும் எங்கோ உறுத்தியது. பெருமையாக என்றதும் உறுத்தல் போய்விட்டது. முழுக்கைச் சட்டை மாட்டி, கோப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

உள்ளே பத்துப் பேர் கிசுகிசுப்பாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். விரல் நுனியால் மட்டும் தட்டினார்கள். டம்போரினைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள். நமக்குத்தான் இந்த மரியாதை என்று பிலமோன் மெச்சிக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க அங்கிள்," என்றாள் ராஜினி. ஆஸ்பத்திரித் தாதி, வேலையிலிருந்து சீருடையோடு வந்திருந்தாள். "சத்தமாப் பாட முடியல. எவனோ நம்மள கராவோக்கேன்னு கம்ப்ளேன் பண்ணிட்டான்."

"விமலன் குரலைக் கேட்டிருப்பான். அவன் மேல தப்பு சொல்ல முடியாது," என்றாள் மீஹூன் நூடுல்ஸ் சட்டியோடு உட்கார்ந்திருந்த நல்லம்மாள்.

"ஆன்டி, ரெண்டாவது அடியில வாராவாரம் சுருதிய விடுறது யாரு?" என்றான் விமலன்.

"விடுறேன். ஆண்டவர் பிடிச்சுக்குறாரு. உனக்கென்ன?"

பிலமோன் நல்லம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த மனுஷனுக்காகத்தான் அங்கிள் வாராவாரம் ஜெபிக்கிறோம்," என்றாள் ராஜினி. "இன்னைக்கு நீங்க ஜெபிங்க."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். பிலமோன் கோப்பைத் திறந்தார். அறுப்பு. அஸ்திவாரக் கல். ஆயர். கடைசி உறையில் புகாரின் மூன்றாம் பிரதி. மூடிவிட்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"ஆண்டவரே," என்றார். முள் குறுக்கே நின்றது. "அந்த ஆளு... கெட்டவன் இல்ல. பந்தா பிடிச்சவன். வீட்டுல யாரும் இல்ல. பாட்டு கேட்டதும் பெண்டாட்டி வந்துட்டாள்னு நினைச்சுட்டான். வரல. அந்தக் கோபந்தான்."

ஆமென் சொல்ல மறந்துவிட்டார். நல்லம்மாள் மூக்கை உறிஞ்சியபடி சொன்னாள். "அந்த ஆளையே நேர்ல பாத்த மாதிரி சொல்றாரு! அங்கிளுக்கு என்னா வெளிப்பாடு!"

பிலமோன் மறுக்கவில்லை. முப்பத்தோரு ஆண்டுப் பழக்கம். மீஹூனும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை மேனேஜ்மென்ட் அறைக்குப் போனார். புகாரைத் திரும்பப் பெற ஒரு படிவம் இருந்தது.

"சைன் பண்ணுங்க அங்கிள்," என்றாள் அங்கே இருந்த விஷ்ணுப்ரியா. "பேரு, வீட்டு நம்பர் போட்டு ஏழு நாள் நோட்டீஸ் ஒட்டுவோம்."

"கம்ப்ளேன் குடுத்தப்ப என் பேரை ஒட்டலையே?"

"குடுத்தா ஒட்ட மாட்டோம். கேன்சல் பண்ணினாத்தான் ஒட்டுவோம். ரூல்ஸ் லா."

"எங்க?"

"லிஃப்ட்டுக்குள்ள. அப்பத்தானே எல்லாரும் பார்ப்பாங்க."

பிலமோன் பேனாவைப் பிடித்தபடி நின்றார். போடாவிட்டால் வெளிப்பாடு பெற்றவராகவே காலத்தை ஓட்டலாம். கீழே அவர்கள் கிசுகிசுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த இரண்டாவது அடி இனி மேலே ஏறி வராது.

"ஆண்டவரே," என்றார், தானாக.

பேனா எழுதவில்லை என்று நினைத்து விஷ்ணுப்ரியா வேறொன்றை நீட்டினாள். கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கோப்பில்லாமல், நோட்டீஸ் ஒட்டிய லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படி வழியாக இறங்கினார். பாதிப் படியிலேயே டம்போரின் கேட்டது, துண்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். நல்லம்மாள் இரண்டாவது அடியில் நழுவி, மறுபடி ஏறினாள். ராஜினி கதவைத் திறந்தாள். பாட்டு நிற்கவில்லை. ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

எல்லாரும் லிஃப்ட்டில்தான் வந்திருந்தார்கள்.