அழுக்கு வாங்கப் போனவர்

பாத்திரக்கடைக்காரருக்கு உலகத்தில் இரண்டே வகைச் சாமான்கள்தான்: பளபளப்பவை, இன்னும் தேய்க்கப்படாதவை. வாடிக்கையாளர் ஒருவர் குடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தால் போதும், அந்த விரல் தடம் மறைகிற வரைக்கும் துணியை விடமாட்டார். தடம் விழுந்த சரக்கு பாதி விற்ற சரக்கு என்பது அவர் கட்சி. வீட்டில் தண்ணீர் குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். "இன்னும் ஒரு வாய் இருந்துச்சுங்க" என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

அப்பேர்ப்பட்டவர் கையில்தான் அவள் மீன்தொட்டியை ஒப்படைத்துவிட்டு முழங்கால் ஆபரேஷனுக்குப் போனாள்.

போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "காலையில ஒரு சிட்டிகை, சாயங்காலம் ஒரு சிட்டிகை தீனி. வேற எதையும் தொடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சரிம்மா, சரி" என்று தலையாட்டினார். 'ஒரு சுத்து சுத்திட்டு வந்து வாங்கிக்கிறேன்' என்கிற வாடிக்கையாளருக்கு அவர் கடையில் ஆட்டுகிற அதே தலையாட்டல்.

தொட்டி ஹாலில் இருந்தது. அதில் இருந்தவர்களுக்கெல்லாம் அவளே பட்டப்பெயர் வைத்திருந்தாள். பெரிய ஏஞ்சல் மீன் 'மாமியார்'. யாரையும் நேராகப் பார்க்காமல் பக்கவாட்டிலேயே பார்த்துக்கொண்டு, நடு இடத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கும். அடித்தரையில் தலையைக் குனிந்துகொண்டு எதையோ துழாவிக்கொண்டே திரிகிற கெளுத்தி 'கணக்குப்பிள்ளை'. தீனி விழுந்ததும் கும்பலாக வந்து மொய்க்கிற கப்பிகள் 'சம்பந்தி வீட்டுக்காரங்க'. பிள்ளைகள் வெளியூரோடு போனபிறகு அவளுக்குப் பேச்சுத் துணை இவர்கள்தான். புருஷனிடமும் பேசலாம். ஆனால் அவர் பேசுகிறவரின் வாயையும் துடைத்துவிடுவாரோ என்று பயம்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் பாத்திரக்கடைக்காரர் ஒரு நாள் தொட்டியை உற்றுப் பார்த்தார். மூலையில் குமிழி விட்டுக்கொண்டிருந்த ஃபில்டரின் பஞ்சு பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தது. வெளியே எடுத்துக் கையில் பிழிந்தார். காபி டிகாஷன் போல ஒழுகியது.

"அடப்பாவிங்களா! இந்த லட்சணத்துலயா குடித்தனம் நடக்குது?" என்று மீன்களைக் கேட்டார். மாமியார் பக்கவாட்டில் பார்த்தது.

அதன்பிறகு கை நிற்கவில்லை. மீன்களை வாளிக்கு மாற்றினார். பஞ்சைக் குழாயடியில் வைத்துக் கசக்கி, கொதிநீரில் முக்கி, வெயிலில் காயப்போட்டார். கூழாங்கற்களை அரிசி களைவதுபோலக் களைந்தார். கண்ணாடியைச் சுரண்டித் துடைத்து, பழைய தண்ணீரை மொத்தமாகக் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரைப் புதிதாக நிரப்பினார். விளக்கைப் போட்டதும் தொட்டி, கடையில் முன்வரிசையில் வைக்கிற சரக்கு மாதிரி ஜொலித்தது. மனைவி வந்து பார்த்து அசந்துபோவாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

அவள் வந்தாள். ஆனால் பார்க்கவில்லை. பின்கட்டு அறையில் கட்டிலில் கிடத்தினார்கள். ஹாலுக்கு வர வேண்டுமானால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடைவழி முழுக்க நடந்தாக வேண்டும்.

அதற்குள் தொட்டித் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. பாத்திரக்கடைக்காரருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மறுபடியும் எல்லாவற்றையும் கழுவினார். தெளிந்தது. மறுபடியும் கலங்கியது. இன்னும் அழுத்திக் கழுவினார். இன்னும் வேகமாகக் கலங்கியது. விளக்கின்மேல் சந்தேகப்பட்டு அணைத்து வைத்தார். தீனி கெட்டுப்போயிருக்குமோ என்று டப்பாவை மாற்றினார். மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். அது அவர் கழுவுகிற தொட்டி. கண்ணாடியாக இருந்தது.

ஒரு காலையில் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. மாமியார் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. சம்பந்தி வீட்டில் ஒருவர் மிதந்தார். பாத்திரக்கடைக்காரர் அவரைப் பூந்தொட்டியில் புதைத்துவிட்டுக் கை கழுவினார்.

அந்த நேரம் பார்த்து, மனைவியின் காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"சார், அம்மா பிரமாதமா முயற்சி பண்றாங்க. வலிக்குதான்னு கேட்டா, 'வலி கிடக்கட்டும், ஹால் வரைக்கும் கொண்டு போய் விடு, என் கூட்டத்தைப் பாக்கணும்'ங்கறாங்க. அந்த ஆசையைக் கெடுத்துடாதீங்க. ஆபரேஷன் நல்லா நடந்தும் நடக்க மனசில்லாம கட்டிலோட போனவங்க நிறைய பேரைப் பாத்திருக்கேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏங்க! மாமியார் எப்படி இருக்கா?"

"ஜோரா இருக்கா!" என்றார், ஓரத்தில் ஒதுங்கி மூச்சு வாங்குகிற மாமியாரைப் பார்த்துக்கொண்டே. குரல் மட்டும் கொஞ்சம் பிசிறியது.

ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை மொண்டு, துண்டில் சுற்றி, மீன்கடைக்குக் கிளம்பினார்.

மீன்கடை என்றால் குழம்புக்கு வாங்குகிற கடை அல்ல. அடுக்கடுக்காகக் கண்ணாடித் தொட்டிகள் வைத்து வளர்ப்பு மீன் விற்கிற கடை. அதன் முதலாளி இவரைவிட வயதில் சின்னவர், வாயில் பெரியவர். பாத்திரக்கடைக்காரர் பழக்கதோஷத்தில், அவசரமே இல்லாதவர் போல உள்ளே நுழைந்தார். அவசரம் தெரிந்தால் விலை ஏறும் என்பது ரத்தத்தில் ஊறிய பாடம்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன் தம்பி."

"வாங்கண்ணே. சும்மா வர்றவங்க பாட்டிலைப் பச்சைக் குழந்தை மாதிரி துண்டுல சுத்திட்டு வரமாட்டாங்களே. குடுங்க."

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மீன்கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு நீலப் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். "தண்ணியைத் தெளிய வைக்கிற மருந்து. போட்டு ரெண்டு மணி நேரத்துல பளிங்கு. இதுகூட ஒரு டானிக். அப்புறம் இந்தப் பவுடர்..."

பேச்சின் தாளம் பாத்திரக்கடைக்காரருக்கு நன்றாகப் பிடிபட்டது. அடி கனமான வாணலியோடு மூடியையும் கரண்டியையும் சேர்த்துத் தள்ளும்போது தன் வாயிலிருந்து வருகிற அதே தாளம். இப்படித் தள்ளுகிற வியாபாரியை மடக்க ஒரே கேள்விதான் உண்டு. தன்னை யாரும் கேட்டுவிடக்கூடாதே என்று அவர் தினமும் பயப்படுகிற கேள்வி.

"தம்பி, இதே கலங்கல் உன் வீட்டுத் தொட்டியில வந்தா, இந்த மருந்தைப் போடுவியா?"

மீன்கடைக்காரர் அவரைப் பார்த்தார். நீலப் பாட்டிலைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு அதை எடுத்து அலமாரியிலேயே வைத்தார்.

"கடைக்காரனைக் கடைக்காரன் ஏமாத்துறது கஷ்டம்தான். உக்காருங்க."

ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் அந்தத் தண்ணீரை ஊற்றிச் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினார். மஞ்சளாக இருக்க வேண்டியது மெல்ல மெல்லக் கரும்பச்சைக்குப் போனது.

"அம்மோனியா. மீனோட கழிவு அப்படியே தங்கி நிக்குது. அதைத் தின்னு தீக்கிறதுக்கு ஆள் இல்ல. ஃபில்டர் பஞ்சைக் கழுவினீங்களா?"

"கழுவினேன்."

"எதுல?"

"குழாய்த் தண்ணில. அப்புறம் கொதிநீர்ல. அப்புறம்..." குரல் இறங்கியது. "வெயில்ல காயப்போட்டேன்."

"போச்சு. கல்லையும் கழுவி, தண்ணியையும் மொத்தமா மாத்தினீங்க?"

"மூணு தடவை."

மீன்கடைக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அண்ணே, அந்தப் பஞ்சுல இருந்துச்சே கொழகொழன்னு, அதுதான் அந்த வீட்டோட வேலைக்காரங்க. கண்ணுக்குத் தெரியாத நல்ல பாக்டீரியா. மீனு போடுற விஷத்தை உக்காந்து தின்னு தீக்கிறது அதுங்கதான். அது அந்த அளவுக்குச் சேர வாரக்கணக்காகும். நீங்க அத்தனை பேரையும் வெந்நீர்ல போட்டு அவிச்சிட்டீங்க. கலங்குதேன்னு திரும்பத் திரும்பக் கழுவி, புதுசா வர்றவங்களையும் வாசல்லயே துரத்தியிருக்கீங்க."

பாத்திரக்கடைக்காரருக்கு வாழ்நாளில் முதல்முறையாகச் சுத்தத்தின் மேல் கோபம் வந்தது. "இப்ப என்ன பண்றது? வாரக்கணக்கெல்லாம் தாங்காது. இன்னிக்கோ நாளைக்கோ வீட்டம்மா நடந்து வந்துடுவா. பாத்தான்னா... திரும்பக் கட்டிலுக்குப் போய்ப் படுத்துட்டா எழுந்திருக்க மாட்டா, தம்பி."

மீன்கடைக்காரர் எழுந்து பின்பக்கம் போனார். அவருடைய பெரிய தொட்டி ஒன்றிலிருந்து சொட்டச் சொட்ட ஒரு பஞ்சை எடுத்து வந்தார். கறுத்து, பிசுபிசுத்து, பார்க்கவே குமட்டியது. ஒரு பையில் தொட்டித் தண்ணீரோடு போட்டுக் கட்டினார்.

"இது என் கடையிலேயே பழைய பஞ்சு. ஆள் நிறைய இருக்காங்க. காயாம கொண்டு போய் உங்க ஃபில்டர்ல சொருகுங்க."

பாத்திரக்கடைக்காரர் பையைத் தூக்கிப் பார்த்தார். வியாபாரியின் கண் தானாக எடை போட்டது. "கொஞ்சம் வெளுப்பா இருக்கே. இதைவிட அழுக்கா ஒண்ணு இல்லையா?"

"அண்ணே! அழுக்குலகூடவா பொறுக்கி எடுப்பீங்க?"

"காசு குடுத்து வாங்குறோம். நல்ல அழுக்காத்தானே பாக்கணும்?"

"காசெல்லாம் வேணாம். இதை வித்தேன்னு வெளிய தெரிஞ்சா எனக்குத்தான் கேவலம்." மீன்கடைக்காரர் இன்னும் கறுப்பாக ஒன்றைத் தேடி எடுத்துச் சேர்த்துப் போட்டார். "தினம் கால் பங்கு தண்ணியை மட்டும் மாத்துங்க. குழாய்த் தண்ணியை முதல் நாளே பிடிச்சுத் திறந்து வையுங்க, அதுல இருக்கிற மருந்து வாசனை போகட்டும். பிளாஸ்டிக் வாளியில வையுங்க. பித்தளை, செம்புல வெச்சு உங்க கடைப் பெருமையைக் காட்டிடாதீங்க, மீனு செத்துடும். தீனி இன்னிக்குக் கிடையாது. அப்புறம் முக்கியமானது ஒண்ணு."

"சொல்லு."

"கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

அதுதான் முடியாத காரியம். பஞ்சைச் சொருகி, நாளைக்கு மாற்றத் தண்ணீர் பிடித்து, ஹால் முழுக்க வாளிகளைப் பரப்பிவிட்டு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியில் ஒரு பச்சைப் புள்ளி. விரல் அரித்தது. கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கடைக்குப் போனாலும் மனம் தொட்டியிலேயே கிடந்தது. வாடிக்கையாளர் தொட்ட அண்டாவைத் துடைக்கக்கூட மறந்தார். வேலையாட்கள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று முடிவு கட்டினார்கள்.

மறுநாள் மீன்கள் மேலேயேதான் நின்றன. அதற்கும் மறுநாள் கணக்குப்பிள்ளை கீழே இறங்கித் துழாவ ஆரம்பித்தது. தண்ணீரின் பால் நிறம் கரைந்துகொண்டே வந்தது. ஒரு காலை அவர் பல் தேய்த்துக்கொண்டே ஹாலுக்கு வந்தபோது, மாமியார் நடு இடத்துக்குத் திரும்பியிருந்தது. துடுப்புகளை விரித்துக்கொண்டு, எதிரே வந்த சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவரை மூலை வரைக்கும் விரட்டிக்கொண்டு போனது.

"அப்படிப் போடு! விரட்டு!" என்று பல்பொடி நுரையோடு கத்தினார். ஒரு மாமியார் கொடுமையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் அந்தத் தெருவிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

நடைவழியில் டக், டக் என்று வாக்கர் சத்தம். திரும்பினார். மனைவி வந்துகொண்டிருந்தாள், பயிற்சிப் பெண்ணின் துணைகூட இல்லாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு.

"ஏய், தனியாவா வர்ற?" எழுந்து ஓடினார்.

"பிடிக்காதீங்க, வந்துட்டேன்." தொட்டிக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "சம்பந்தி வீட்ல ஒருத்தரைக் காணோம்."

பாத்திரக்கடைக்காரர் அதற்குமேல் மறைக்கவில்லை. பஞ்சு, கொதிநீர், வெயில், பூந்தொட்டி, கறுப்பு அழுக்கு, எல்லாவற்றையும் கொட்டினார். திட்டு விழும் என்று காத்திருந்தார்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா? எப்படி?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாளே மீன்தொட்டி மோட்டார் சத்தம் நின்னுச்சு. அப்புறம் குழாயடியில கரகரன்னு தேய்க்கிற சத்தம். என் காலைத்தானே வெட்டினாங்க, காதையா?"

"அப்பவே கத்தியிருக்கலாம்ல?"

"கேட்டேனே. 'ஜோரா இருக்கா'ன்னீங்க. அடி ஓட்டையான அண்டாவையும் அந்தக் குரல்லதான் விப்பீங்க. இந்த மனுஷன்கிட்ட கட்டில்ல படுத்துக்கிட்டுப் பேசி ஆகாது, நடந்து போய்க் கையைப் பிடிச்சாத்தான் ஆச்சுன்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு பத்துத் தடவை காலை மடக்கச் சொன்னா நான் இருபது தடவை மடக்கினேன். இவ்வளவு சீக்கிரம் யாரும் நடந்ததில்லேங்கறா."

பாத்திரக்கடைக்காரரின் வியாபாரி மூளை கணக்கைத் தனக்குச் சாதகமாகத் திருப்பிப் பார்த்தது.

"அப்ப நீ நடந்ததுக்குக் காரணம் நான்தான்னு சொல்லு."

அவள் வாக்கரின் காலால் அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். வலிக்கவில்லை. பிறகு இரண்டு பேருமே சிரித்தார்கள்.

"அந்தத் தீனி டப்பாவை எடுங்க. ஒரு சிட்டிகைதான். என் கையால போடுறேன்."

எடுத்துக் கொடுத்தார். சம்பந்தி வீட்டுக்காரங்க கும்பலாக வந்து மொய்த்தார்கள். மாமியார் அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் பருக்கையை எடுத்தது. அவள் அதற்கு ஏதோ சொன்னாள். பாத்திரக்கடைக்காரர் காலி வாளி ஒன்றைக் கவிழ்த்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.