தண்ணி காணாத வண்டி

எழுநூறு ரூபாய். போன மழையில், மும்பை கிங்ஸ் சர்க்கிள் ரயில் பாலத்தடியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுபோன ஒரு வெள்ளை வண்டியைத் தளவாயும் கூட்டாளிகளும் தள்ளிக் கரையேற்றிய கூலியில் பாக்கி. ஆயிரம் பேசி, கண்ணாடி வழியாக முன்னூறை நீட்டி, மீதியை நாளைக்குப் போனில் அனுப்புவதாகச் சொன்னார் உள்ளே இருந்த மகராசன். அந்த நாளை இன்னும் விடியவில்லை.

அதே வண்டியைத்தான் அத்தான் நாகராஜ் வாங்கப்போகிறார் என்பது, செம்பூர் திலக் நகரில் அதன் பின்னால் போய் நின்றபோதுதான் தளவாய்க்குத் தெரிந்தது. பின்கண்ணாடியில் காது கிழிந்த பிள்ளையார் ஸ்டிக்கர். அன்றைக்கு அதோடு மூக்கை உரசிக்கொண்டுதான் தள்ளினான். மறக்குமா?

நாகராஜுக்குத் தாராவியில் இட்லிமாவு வியாபாரம். அக்காள் மாலதியின் பத்துப் பவுனை அடகு வைத்த பணம் அவர் இடுப்பில் இருந்தது. பழைய எஸ்யூவியில் எதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று யூடியூபில் கரைத்துக் குடித்திருந்தார். சோதனை கறாராக நடந்தது. ஹாரன் அடித்தார். பாட்டு போட்டார். ஏ.சி.யில் முகத்தைக் காட்டிக் கண்மூடினார். டயரை ஓர் உதை விட்டார். டயரும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

"அத்தான், அடியில துரு இருக்கான்னு குனிஞ்சு பாப்பமா?"

"சும்மா இருல மாப்ளே. அண்ணாச்சி நம்ம ஊர்க்காரரு. ஏமாத்துவாரா?"

விற்கிற வேல்ராஜ் அண்ணாச்சி நெஞ்சில் கை வைத்தார். "பத்து வருச வண்டி தம்பி. ஆனா ஒரு சொட்டு மழைத்தண்ணி பட்டதில்ல."

குரலும் அதேதான்.

தளவாய் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தான். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேறு. "இது என்ன அண்ணாச்சி?"

"பேரப்பிள்ள சாக்லேட் தின்ன கறை."

"பிள்ளையன்னா அப்படித்தான்" என்று உருகிய நாகராஜின் கை இடுப்புக்குப் போனது.

இனி சேற்றைக் காட்டிப் பலனில்லை. தளவாய் கும்பிட்டான். "அண்ணாச்சி, அப்படியே என் கணக்கையும் முடிச்சிருங்க. கிங்ஸ் சர்க்கிள்ல வண்டி தள்ளுன கூலி ஆயிரம் ரூவா நிக்கி."

"ஆயிரமா!" அண்ணாச்சிக்கு மூக்கு சிவந்தது. "யாருகிட்டல கதை விடுத? முன்னூறு அன்னைக்கே கண்ணாடி வழியா தந்தேம்லா! எழுநூறுதான் பாக்கி!"

நாகராஜின் கை இடுப்பிலேயே நின்றது.

"எதுக்கு அண்ணாச்சி தள்ளுனாவ?"

"அது... லேசா தண்ணி."

"எத்தனை சொட்டு?" என்றான் தளவாய்.

அண்ணாச்சி வாசல் பக்கம் பார்த்தார். வண்டி பார்க்க வந்த அடுத்த ஆள் அங்கே வாட்ச்மேனிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார். "கிளம்புங்கல, பணம் நாளைக்கு..."

"நாளைக்குன்னா, அந்தா வாறவருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

அண்ணாச்சி அவசரமாகப் போனை எடுத்தார்.

"நான் அப்பமே சந்தேகப்பட்டேன் மாப்ளே" என்றார் நாகராஜ். "டயரை உதைச்சேன் பாத்தியா, அப்பவே."

தளவாயின் சட்டைப்பையில் போன் 'டிங்' என்றது. எழுநூறு. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கணக்கில் நேர்மையான மனுசர்.