டப்பாவுக்குள் நின்றவர்

நாகரிகம் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்த தேதி 1995 ஆகஸ்ட் பதினொன்று, வெள்ளிக்கிழமை. பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான்.

அதற்கு முன்பும் இங்கே ரயில் நிலையம் இருந்தது, விமானத் தளம் இருந்தது, கல்லூரிகூட இருந்தது. நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பழைய காசை எப்படி மதிக்க வேண்டும் என்று இந்த வட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியாது. நியூஜெர்சியிலிருந்து என் மாமா அனுப்பிய பார்சலைப் பிரித்தேன். உள்ளே உள்ளங்கை அகலத்தில் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா. மூடி இல்லை, திருகு இல்லை; நான்கு பக்கமும் ஒட்டிச் சீல் வைத்தது. நடுவில் ராஜராஜ சோழன் காலத்துச் செப்புக்காசு. அதற்கு மேலே சின்னச் சீட்டில் பெயர், மார்க், எட்டு இலக்க எண். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கம்பெனி இருக்கிறதாம். காசைச் சோதித்து, அசல்தான் என்று மார்க் போட்டு, அடைத்துக் கொடுத்துவிடுமாம். "டப்பாவை உடைத்தால் சர்டிபிகேட் செத்துவிடும், அப்புறம் அது வெறும் செம்பு" என்று மாமா எழுதியிருந்தார்.

ஆயிரம் வருஷம் கழித்து ராஜராஜனுக்கு ரோல் நம்பர் கிடைத்திருக்கிறது. நான் எழுந்து நின்று மரியாதை செய்தேன். அம்மா கரப்பான்பூச்சியா என்று கேட்டாள்.

கல்லூரி நாணயச் சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். மாதக் கடைசியில் கண்காட்சி. டப்பாவைப் பார்த்ததுமே பேராசிரியர் வேதாசலம் நடு மேஜையும் தனி டியூப்லைட்டும் எனக்கே என்று சொல்லிவிட்டார். முடிச்சூரிலிருந்து வரும் எலியேசர் மட்டும் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"மச்சான், ஒடச்சி ஒரு தபா தொட்டுப் பாக்கலாண்டா. கண்ண மூடிக்கினு தடவுனா அந்தக் காலத்துக்கே பூடலாம்."

"கேன்டீன் போண்டா எண்ணெய் இன்னும் உன் விரல்ல இருக்கு. ராஜராஜனுக்கு அது எதுக்குடா?"

அதோடு விடவில்லை. எங்கள் சுவர்ப் பத்திரிகையில் 'தடவல் சித்தர்கள்' என்று ஒரு கட்டுரை எழுதினேன். கண்ணை மூடிக் காசைத் தடவினால் வரலாறு வரும் என்றால், பஸ் கண்டக்டரின் தோல்பைக்குள் கைவிட்டவன் முக்தியே அடைந்துவிடலாம் என்று அதில் நிரூபித்திருந்தேன். எலியேசர் அதன் முன்னால் நின்று முழுதும் படித்தான். "எழுத்து நல்லா கீது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமாவுக்கு நன்றி சொல்ல, நானும் எலியேசரும் சேலையூர் கேம்ப் ரோட்டில் இருந்த சின்னப்பனின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். சின்னப்பனுக்குக் கண் தெரியாது. நாற்பத்தைந்து வயதிருக்கும். நம்பரை ஒருமுறை சொன்னால் போதும், விரல்கள் தாமாகவே டயல் செய்யும். லைன் கிடைக்கவில்லை. காத்திருந்த நேரத்தில் கல்லாவிலிருந்த சில்லறையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு நாலணாவின் மேல் கட்டைவிரல் நின்றது.

"காண்டாமிருகத்துக்குக் கொம்பு தேஞ்சிபூடுச்சி பாவம்" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். தேய்ந்துதான் இருந்தது.

"அண்ணே, இவங்கிட்ட சோழர் காசு ஒண்ணு கீது" என்றான் எலியேசர்.

சில்லறைச் சத்தம் நின்றுபோனது.

"செம்பா?"

"ஆமாண்ணா" என்றேன்.

"ஒரு ஆளு நிக்கிறானா, கையில பூ வச்சிகினு? பின்னாடி திருப்புனா குந்திகினு கீறானா? கைக்கு அடியில எழுத்து?"

நான் எலியேசரைப் பார்த்தேன். தான் எதுவும் சொல்லவில்லை என்று தலையாட்டினான்.

"எப்படிண்ணா தெரியும்?"

"மாடம்பாக்கத்துல கொளம் தூர் வாருனப்ப சேத்துல கெடச்சுது. எனக்கு ஒம்போது வயசு. ஒரு வாரம் டவுசர் ஜோபியிலயே வச்சிருந்தேன். அப்பத்தான் அம்மை போட்டுச்சி. எறங்கனப்போ கண்ணு இல்ல." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "கடேசியா நான் நல்லாப் பாத்த மொகம் அந்த ஆளுதான். எங்கம்மா அத்த ஓட்ட சொம்போட சேத்து பாத்திரக்காரங்கிட்ட போட்டுட்டாங்களோ இன்னாவோ, காணம். அப்படி ஒரு காசே கெடையாது, ஜொரத்துல கனா கண்டேன்னு எல்லாரும் சொன்னாங்க. முப்பத்தஞ்சி வருசமா சொல்றாங்க. இப்ப எனக்கே டவுட்டு."

பையிலிருந்து டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தேன். விரல்கள் மேலே போயின, கீழே போயின, ஓரமெல்லாம் சுற்றி வந்தன.

"இன்னா தம்பி, சோப்பு டப்பாவைக் குட்த்துட்டே?"

"அதுக்குள்ளதாண்ணா இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே நிக்கிறார். பூ இருக்கு. எழுத்து இருக்கு. நான் பாத்துதான் சொல்றேன்."

அவர் சிரித்தார். "இல்லன்னு சொன்னதையும் காதாலதான் கேட்டேன். கீதுன்னு நீ சொல்றதையும் காதாலதான் கேக்கறேன்." டப்பாவை ஜாக்கிரதையாகத் திருப்பித் தந்தார். "வுடு தம்பி. ஒடச்சா வீணாப்பூடும் போல. பத்திரமா வையி."

மறுபடி நம்பரை அழுத்த ஆரம்பித்தார். நான் டப்பாவோடு வெளியே வந்தேன். பக்கத்துச் சைக்கிள் கடையில் சிட்டிபாபு டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"கட்டிங் பிளேயர் குடு" என்றேன்.



முதல் மூலை முறுக்கு மாதிரி உடைந்தது. இரண்டாவது மூலையில் சீட்டு கிழிந்து, எட்டு இலக்க எண் நாலும் நாலுமாகப் பிரிந்தது. காசு என் உள்ளங்கையில் விழுந்தது. டப்பாவோடு தூக்கியபோது தெரியாத ஒரு கனம். அதை விரலால் மூடாமல் அப்படியே ஏந்திக்கொண்டு போய்ச் சின்னப்பனின் கையில் விட்டேன்.

அவர் உடனே தடவவில்லை. முதலில் மூடிய கைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கட்டைவிரல் கீழிருந்து தொடங்கியது.

"காலு... வேட்டி மடிப்பு... இடுப்பு ஒடியுது... இந்தாண்ட கை."

கட்டைவிரல் நின்றது.

"பூ."

எங்கள் பின்னால் ஒருவர் திருச்சிக்குப் பேச வேண்டும் என்றார். சின்னப்பனுக்கு அது கேட்கவில்லை. காசைத் திருப்பினார். "குந்திட்டான்" என்றார், ஏதோ அந்த ஆள் இப்போதுதான் அவர் கண்முன்னே உட்கார்ந்த மாதிரி. திருச்சிக்காரர் என்ன நினைத்தாரோ, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நின்றார்.

ராஜராஜனை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் புகழ்ந்திருப்பார்கள். இப்படி ஒருவர் மூச்சுவிடாமல், கால்முதல் தலைவரை, கேம்ப் ரோட்டு ஹாரன் சத்தத்தில் படித்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேலிக்கு ஒரு வரி தேடினேன். கிடைக்கவில்லை.

"இது என்னுது இல்ல தம்பி. அதுல ஓரம் உடைஞ்சிருந்துச்சி. இது அதோட கூடப் பொறந்தது" என்றார். "ஆனா ஆளு இவன்தான். நான் பாத்தேன். மெய்யாலுமே பாத்தேன்." காசை என் உள்ளங்கையில் திருப்பி வைத்தார்.

அப்போது பார்த்து லைன் கிடைத்தது.

"காசு பத்திரமா இருக்கா?" என்று கேட்டார் மாமா.

"ரொம்பப் பத்திரமா இருக்கு மாமா."

டப்பாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நடு மேஜை போய்விட்டது, டியூப்லைட்டும் போய்விட்டது. வேதாசலம் சாரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே காசு இருந்த சட்டைப்பைக்குள் கை விட்டேன். கட்டைவிரல் ராஜராஜனின் கால் இருக்கும் இடத்தைத் தேடியது. கிடைக்கவில்லை. வெளிச்சம் இடைஞ்சலாக இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் எலியேசர் சாலையின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.