சிங்கத்தின் கண்துளைகள்

மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூக்கு கோணினால் முகமே கோணிவிடும். அச்சகத்தில் மீந்த கெட்டி அட்டையில் லக்தர் சிங்க முகமூடிக்கான வடிவங்களை அச்சிட்டிருந்தான். மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோடுகளை அழுத்தி, அளவுகோலின் விளிம்பில் வைத்து ஒவ்வொன்றாக மடித்தான். சில கோடுகள் வெளிப்பக்கம் மடிய வேண்டும், சில உள்பக்கம். ஒரு கன்னத்தில் அது மாறிப்போய், சிங்கத்துக்குப் பல்வலி வந்ததுபோல் முகம் குழிந்துவிட்டது. பிரித்து மறுபடி ஒட்டினான்.

யென்னாயெர் என்னும் புத்தாண்டு மாலையில் மலையூரான கெமீஸில் அய்ரத் என்னும் சிங்க வேடம் வீடு வீடாகப் போகும். அதற்கு யாரும் கதவைச் சாத்துவதில்லை. முகமூடிக்குள் யார் என்று கேட்பதில்லை. சிங்கமும் பேசாது.

மகளைப் பார்க்க லக்தருக்கு வேறு வழியில்லை. அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது வேலைக்காகக் கடல் தாண்டி மார்செய் போனவன். அனுமதியில்லாமல் ஒளிந்து வாழ்ந்தான். ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது என்று வராமலே இருந்தான். வந்தபோது மனைவி ஸுலீகா மணவிலக்கு வாங்கிக்கொண்டு தந்தை வீட்டில் இருந்தாள். அவள் தந்தை ஹாஜி மைமூன் அவனை வாசலிலேயே நிறுத்தினார். பிள்ளை தன் வாப்பா கடலுக்கு அப்பால் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் லக்தர் சண்டை போட்டிருப்பான்.

மற்றவர்கள் ஆட்டுத்தோலையும் சாக்கையும் முகத்தில் கட்டிக்கொள்வார்கள். அதில் தாடை தெரியும். லக்தருக்குத் தலை முழுக்க மூட வேண்டும். தன் தலையை நூலால் அளந்தான். நெற்றியில் உறுத்தாமல் இருக்க உள்ளே பஞ்சு ஒட்டினான். மழைக்காக வெளியே வார்னிஷ் அடித்தான். கண்ணாடி முன் நின்று கண்துளைகளை வெட்டினான். பெரிதாக வெட்டினால் கண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சிறிதாக வெட்டினான்.

அச்சகத்தில் கூட வேலை பார்க்கும் பூமெதியன்தான் வீட்டுக்கு வீடு பிள்ளை பெறும் பெண்சிங்கம். வயிற்றில் தலையணை கட்டியிருந்தான்.

"சிங்கம் நல்லாத்தான்டா இருக்கு. ஆனா அந்த வீட்டுல நீ வாயத் தொறந்தே, நாயை அவுத்து விட்ருவாங்க. நான் மாசமா இருக்கேன், என்னால ஓட முடியாது."

ஹாஜி மைமூன் வீட்டு முற்றத்துக்குள் பறைக்காரர்கள் முதலில் போனார்கள். பின்னால் லக்தரைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போனார்கள். துளைகள் வழியே விளக்கு தெரிந்தது. ஹாஜியின் வெள்ளைத் தலைப்பாகை தெரிந்தது. ஸுலீகா தெரிந்தாள், மெலிந்திருந்தாள். குழந்தையைக் காணோம். தலையைத் திருப்பினான். எந்தப் பக்கமும் பெரியவர்களின் முகங்கள்தான்.

இடுப்பருகே ஒரு குரல் கேட்டது.

"உம்மா, இதுக்கு வாலே இல்ல."

கண்ணாடியில் தன் உயரத்தைப் பார்த்துத்தான் துளை வெட்டியிருந்தான். குழந்தை கீழே நிற்கும் என்பது தோன்றவேயில்லை. தலையைத் தாழ்த்தினான். அட்டையின் தாடை மார்பில் முட்டியது. முகமூடி மேலேறிக் கழுத்தில் குளிர் பட்டது. சட்டென்று நிமிர்ந்தான். உட்காரவும் முடியாது. பெண்சிங்கம் தரையில் விழுந்து பிள்ளை பெறும்வரை சிங்கம் காவலாக நின்றே ஆக வேண்டும். பூமெதியன் ஏற்கெனவே விழுந்து முனகத் தொடங்கியிருந்தான்.

ஒரு சின்னக் கை அவன் இடுப்பைத் தொட்டது. விலகியது. மறுபடி தொட்டது.

முகமூடியைக் கொஞ்சம் தூக்கினால் போதும், பார்த்துவிடலாம். அதற்குப் பிறகு இந்த வாசல் இல்லை. அவன் கை அட்டையின் விளிம்புக்குப் போயிருந்தது. ஹாஜி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸுலீகா நேராக அவனை நோக்கி வந்தாள். குனிந்தாள், துளைகளிலிருந்து மறைந்தாள். எழுந்தபோது இடுப்பில் குழந்தை இருந்தது.

"கீழ நின்னா அதுக்குத் தெரியாது சிஹாம். கண்ணுக்கு நேரா வச்சுக் குடு."

சிஹாம் உலர்ந்த அத்திப்பழம் ஒன்றைச் சிங்கத்தின் வாயில் திணித்தாள். இரண்டு துளைகளிலும் அவள் முகம் மட்டுமே இருந்தது. காது அவனுடைய காதுதான், விரிந்து நின்றது. அவள் இன்னும் கிட்டே வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"உள்ள யாரோ இருக்காங்க உம்மா."

"இருப்பாங்க. பேரு கேக்கக் கூடாது."

ஹாஜி தொண்டையைச் செருமினார். "போதும், எறக்கி விடு. கை வலிக்கும்."

"வலிக்கல வாப்பா," என்றாள் ஸுலீகா. இறக்கவில்லை.

பறை நாலு முறை முழங்குவதற்குள் முடிந்துவிடும் பிரசவம் அன்று முடிவதாயில்லை. பூமெதியன் உருண்டான், அலறினான், மூச்சு வாங்கினான். இரட்டைப் பிள்ளையாக இருக்கும் என்று பெண்கள் சிரித்தார்கள். பறைக்காரன் கை ஓய்ந்து முறைத்தபிறகுதான் தலையணை வெளியே வந்தது. வீட்டுக்காரர்கள் அத்தியும் அக்ரூட்டும் கூடையில் கொட்டினார்கள். ஹாஜி கையேந்தி துஆ ஓதினார். கயிறு இழுபட்டது.

சந்தில் பூமெதியன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"பாத்தியாடா?"

லக்தர் முகமூடியைக் கழற்றவில்லை. அடுத்த வீட்டு விளக்கு தெரிந்தது.

"முன்பல்லு விழுந்திருக்கு," என்றான். "ரெண்டும்."